மகனின் இசை பேண்டுக்கு வாங்கிய ஷூர் எஸ்எம்58 மைக்: பல வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்ட அம்மாவின் மதிப்புரை

பிள்ளை நண்பர்களோடு சேர்ந்து பேண்ட் ஆரம்பித்திருக்கிறான், கார் ஷெட்டில் பயிற்சி செய்கிறார்கள், ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆசையாக இருக்கிறது, எதை வாங்குவது என்று கேட்கிற பெற்றோர் எல்லோருக்கும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான். இன்னொரு கிடார் வேண்டாம். பெரிய ஆம்ப், அதாவது கிடார் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி, வேண்டவே வேண்டாம். ஒரு நல்ல பாட்டு மைக் வாங்கிக் கொடுங்கள், அதிலும் ஷூர் எஸ்எம்58 வாங்கிக் கொடுங்கள். என் மகன் பதினைந்து வயதில் பாட ஆரம்பித்தபோது வாங்கியது. இப்போது அவன் வேலைக்குப் போய்விட்டான், பேண்ட் கலைந்தும் ரொம்ப நாள் ஆகிறது, மைக் மட்டும் வந்த நாளில் எப்படிப் பாடியதோ அப்படியே இன்றைக்கும் பாடுகிறது. இத்தனை வருஷம் கூட இருந்த பொருள் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மைக் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கும். மொத்தம் நான்கு பேர். டிரம்ஸுக்கு ஒரு பையன், பேஸ் வாசிக்க ஒரு பெண், லீட் கிடாருக்கு ஒருவன், பாட்டும் ரிதம் கிடாரும் என் மகன். பேண்டின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது, ஆட்கள் மாறவில்லை. யார் வீட்டிலோ சும்மா கிடந்த கரோக்கி செட்டின் மைக்கை எடுத்து வந்து, கிடார் ஆம்பில் காலியாக இருந்த இன்னொரு இடத்தில் செருகிப் பாடிக்கொண்டிருந்தான். டிரம்ஸில் சத்தத்தைக் குறைக்கிற குமிழ் கிடையாது. அந்தப் பையன் உற்சாகமாக அடிக்க ஆரம்பித்தால் கிடாரை ஏற்றுவார்கள், கிடாரை ஏற்றினால் தன் வாத்தியம் கேட்கவில்லை என்று பேஸ் வாசிக்கிற பெண் ஏற்றுவாள், கடைசியில் தன் குரல் தனக்கே கேட்காமல் என் மகன் கத்துவான். கத்தினால் சுருதி எப்படி நிற்கும்? தொண்டை கட்டிப்போய் உள்ளே வருவான், தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பான். "எனக்குப் பாட வராதுபோல இருக்கும்மா" என்று ஒரு நாள் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவே இல்லை. பாட வராத பிள்ளை இல்லை அவன். குளிக்கும்போது பாடுவதைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

கிடார் ஆம்பில் குரலைப் போட்டால் ஏன் அப்படி ஆகிறது என்பது அப்புறம் தேடிப் படித்துத்தான் புரிந்தது. அதில் இருக்கிற ஸ்பீக்கர் கிடாருக்கென்றே செய்தது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு எத்தனை அதிர்வு என்கிற அளவு, எண் கூடக் கூடச் சத்தம் கீச்சாகும்) மேலே போனால் சத்தம் வேகமாகக் குறைந்துவிடும். கிடாருக்கு அது நல்லது, காதைக் குத்துகிற கரகரப்பை அது அடக்கிவிடுகிறது. ஆனால் ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மையில் பெரும்பகுதி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் ராகம் வரும், இழுவை வரும், வார்த்தை வராது. அதனால்தான் மைக்கை மட்டும் வாங்காதீர்கள் என்று சொல்கிறேன். குரலுக்கென்று தனியாக ஒரு பவர்டு ஸ்பீக்கர், அதாவது ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர், மைக்கை நேரடியாகச் செருகுகிற இடத்தோடு வருகிறது பாருங்கள், அதையும் சேர்த்து வாங்கினால்தான் இந்த மைக்கின் அருமை தெரியும். எஸ்எம்58இலிருந்து வருகிற மின்சமிக்ஞை ரொம்பச் சின்னது, அதைப் பெரிதாக்குகிற ப்ரீஆம்ப் மிக்ஸரிலோ (மைக், வாத்தியம் எல்லாவற்றின் சத்தத்தையும் சேர்த்து அளவு பார்க்கிற பெட்டி) ஸ்பீக்கரிலோ இருக்க வேண்டும். மூன்று முள் இருக்கிற எக்ஸ்எல்ஆர் கேபிள் வேண்டும். பெட்டியில் சில சமயம் கேபிள் இருக்காது, எல்சி என்று போட்டிருந்தால் கேபிள் இல்லை என்று அர்த்தம். பிள்ளை ஆசையாகப் பெட்டியைத் திறந்துவிட்டு அன்றைக்குப் பாட முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும், கேபிளையும் ஸ்டாண்டையும் கூடவே வாங்கிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாம் சேர்ந்து வந்த சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். அதற்கும் கார் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ரொம்ப நாளாக அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த மெதுவான பாட்டு ஒன்று இருந்தது. மெட்டு எனக்கு மனப்பாடம், வேலை செய்யும்போது நானே முணுமுணுப்பேன், வார்த்தை மட்டும் ஒன்றும் தெரியாது. அன்றைக்குத்தான் முதல் முறையாக வார்த்தை கேட்டது. கைக்கடிகாரத்தைப் பற்றிய பாட்டு. சாவி கொடுக்க மறந்தால் நின்றுபோகிற கடிகாரம், தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுத்த ஒரு பெரியவர், அவர் போன பிறகு மேஜை இழுப்பறையில் நின்றுபோய்க் கிடக்கிற கடிகாரம். அது என் அப்பாவின் கடிகாரம். அவர் இறந்தபோது இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, பேசவும் இல்லை, தாத்தாவோடு அவ்வளவு ஒட்டுதலாக இருந்த பிள்ளை இப்படி இருக்கிறானே என்று நான் உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் அதைப் பாட்டாக எழுதி, என் காதுக்கு எட்டுகிற தூரத்திலேயே மாதக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறான். அடுப்பை அணைத்துவிட்டு ஷெட் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று முழுப் பாட்டையும் கேட்டேன். நான் கேட்டதை அவனிடம் அப்போது சொல்லவில்லை. இந்த மைக்குக்கு நான் எத்தனை நட்சத்திரம் கொடுப்பேன் என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, மைக்கைப் பற்றி. எஸ்எம்58 ஒரு டைனமிக் மைக். உள்ளே மெல்லிய சவ்வு, அதோடு ஒட்டிய கம்பிச்சுருள், ஒரு காந்தம். குரல் பட்டு சவ்வு அதிர்ந்தால் சுருள் காந்தத்துக்கு நடுவில் அசைகிறது, அதிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. பேட்டரி வேண்டாம், மிக்ஸரிலிருந்து மின்சாரம் அனுப்பவும் வேண்டாம். எடை 298 கிராம், கையில் பிடித்தால் நல்ல கனமாக இருக்கும். 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை எடுக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் எடுப்பதில்லை. ரொம்ப அடியில் வருகிற டமடமவைக் கொஞ்சம் குறைத்து, வார்த்தை தெளிவாகக் கேட்கிற மேல்பகுதியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. டிரம்ஸும் கிடாரும் முழங்குகிற ஒரு சின்ன ஷெட்டில் குரல் தனியாகத் தெரிவதற்கு இந்தத் தூக்கல்தான் காரணம்.

பதின்ம வயதுப் பையன்களின் பெற்றோருக்கு இன்னொரு விஷயம் முக்கியம். அந்த வயதில் பையன்களுக்குக் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்கி முடிகிற வரைக்கும் எங்கே உடையும் என்று அவனுக்கே தெரியாது. என் மகன் உச்சத்துக்குப் போகும்போது குரல் பிளந்துவிடும், நண்பர்கள் சிரிப்பார்கள், அவர்களுக்கும் அதே வயதுதான், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, ஆனாலும் இவன் சுருங்கிப்போவான். இந்த மாதிரி முன்பக்கத்துச் சத்தத்தை மட்டும் அதிகமாக எடுக்கிற ஒருபக்க மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு: வாயைக் கிட்டே கொண்டுபோகப் போக அடிக்குரல் கனமாகிக்கொண்டே வரும். உதடு மைக்கின் தலையில் இருக்கிற கம்பி வலையைத் தொடுகிற அளவுக்குப் போய் மெதுவாகப் பாடினால் மெலிந்த குரல்கூட நிறைவாகக் கேட்கும். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே கண்டுபிடித்தான். முதலில் மெதுவான இடங்களில் கிட்டே போவான், கத்துகிற இடத்தில் ஒரு முழம் பின்னால் வருவான், கொஞ்ச நாளில் அது அவனுடைய பாணியாகவே ஆகிவிட்டது. கத்துவது நின்றது. தொண்டை கட்டுவதும் நின்றது. தன் குரல் கீழே நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் பாட்டுகளின் சுருதியையே இறக்கிக்கொண்டார்கள். குரல் உடைகிற வயதில் ஒரு பையனுக்குத் தன் புதுக்குரல் பிடித்துப்போவது சின்ன விஷயம் இல்லை.

மற்ற மூவருக்கும் நடந்தது இன்னும் ஆச்சரியம். பாட்டு கேட்க ஆரம்பித்ததும் பாட்டுக்காக வாசிக்க ஆரம்பித்தார்கள். டிரம்ஸ் பையன் பல்லவி முடிகிற இடத்தைக் காத்திருந்து அடித்தான், வரிகளுக்கு நடுவில் அடக்கி வாசித்தான். லீட் கிடார்காரன் பாட்டு நடக்கும்போதே தன் சோலோவை ஓட்டுகிற பழக்கத்தை விட்டான். யாரும் யாரையும் கண்டித்து இது நடக்கவில்லை. கேட்டது, அதனால் இடம் விட்டார்கள், அவ்வளவுதான். பெரிய ஆம்ப் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். பேண்டில் யாருக்காவது சத்தம் போதவில்லை என்றால் பெரும்பாலும் மற்றவர்களைக் குறைக்க வேண்டும், அவரைக் கூட்டினால் எல்லோரும் கூட்டுவார்கள்.

அடுத்தது மைக் கூவுவது. ஃபீட்பேக் என்று சொல்கிறார்களே, அது. ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, சுற்றிச் சுற்றிக் கடைசியில் காதைக் கிழிக்கிற ஒரு கீச்சு. எஸ்எம்58 கார்டியாய்டு வகை, முன்னால் வருவதை நன்றாக எடுக்கும், பக்கவாட்டில் குறைவாக எடுக்கும், நேர் பின்னால் வருவதை எல்லாவற்றையும்விடக் குறைவாக எடுக்கும். அதனால் ஸ்பீக்கர் எப்போதும் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பாடுகிறவருக்கு எதிரே, அவரைப் பார்த்தபடி ஸ்பீக்கரை வையுங்கள், நடுவில் மைக், மைக்கின் வால் ஸ்பீக்கரைப் பார்க்கட்டும். பாடுகிறவருக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்தால் அது நேராக மைக்கின் வாய்க்குள் பாடும், கூவத்தான் செய்யும். எங்கள் வீட்டு ஷெட்டில் ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்து எதிர்ச்சுவர் பக்கம் மாற்றினோம், கீச்சு பாதிக்கு மேல் அடங்கியது.

இன்னொன்று, வீடியோக்களில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் மைக்கின் உருண்டைத் தலையைக் கை முழுக்கப் பொத்திப் பிடிப்பார்கள். ஸ்டைலாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் வருகிற சத்தத்தை ஒதுக்குவதற்கு அந்த வலையின் பின்பகுதி திறந்திருக்க வேண்டும். பொத்தினால் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுக்க ஆரம்பித்துவிடும், குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும், உடனே கூவும். கைப்பிடியில் பிடிக்கச் சொல்லுங்கள். என் மகனிடம் நான் சொன்னபோது கேட்கவில்லை, பேஸ் வாசிக்கிற பெண் சொன்னாள், கேட்டுக்கொண்டான்.

இந்த மைக்கின் கதை எனக்குப் பிடிக்கும். ஷூர் 1925இல் சிகாகோவில் ஆரம்பித்த கம்பெனி. எஸ்எம்58 வந்தது 1966இல். அதற்கு முந்தைய வருஷம் வந்த எஸ்எம்57இன் உடன்பிறப்பு என்று சொல்லலாம். பெரிய வித்தியாசம் அந்த உருண்டை வலையும் அதற்குள் இருக்கிற ஸ்பாஞ்சும்தான், பாடுகிறவரின் மூச்சு நேராக மோதாமல் இருப்பதற்காக. எஸ்எம் என்றால் ஸ்டுடியோ மைக்ரோஃபோன், டிவி நிலையங்களையும் ஒலிப்பதிவுக் கூடங்களையும் நினைத்துச் செய்தார்கள். மேடைதான் அதை எடுத்துக்கொண்டது. இதை வடிவமைத்த எர்னி சீலர் அமைதியான மனிதர், மேற்கத்திய சாஸ்திரிய இசையை நேசித்தவர், ராக் இசை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று கம்பெனியின் வரலாற்றில் வருகிறது. உலகம் முழுக்க ராக் பாடுகிறவர்கள் கையில் இருக்கிற மைக்கைச் செய்தவர் அவர்! இதை டிரம்ஸ் பையனிடம் சொன்னபோது அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

உறுதியைப் பற்றி. தி ஹூ என்கிற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ரோஜர் டால்ட்ரி மைக்கை கேபிளைப் பிடித்துச் சுழற்றுவதற்குப் பேர்போனவர். அதைப் பார்த்த எந்தப் பையனும் சும்மா இருக்க மாட்டான். டால்ட்ரி கேபிளும் மைக்கும் சேருகிற இடத்தை டேப் போட்டு இறுக்கச் சுற்றிவிட்டுத்தான் சுழற்றுவார், நம் வீட்டுப் பிள்ளை டேப்பெல்லாம் போடவில்லை. மைக் பிய்த்துக்கொண்டு பறந்து சிமெண்ட் தரையில் தலைகுப்புற விழுந்தது. யார் மேலும் படவில்லை, அதுதான் பெரிய நிம்மதி. எடுத்துப் பார்த்தால் வலையில் ஒரு பக்கம் கன்னக்குழி மாதிரி ஒரு பள்ளம், மற்றபடி ஒன்றும் இல்லை. செருகினார்கள், பாடியது. உள்ளே இருக்கிற காப்ஸ்யூலை, அதாவது சவ்வும் சுருளும் காந்தமும் சேர்ந்த பகுதியை, தாங்குகிற அமைப்பு அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது, கையில் மாற்றிப் பிடிக்கும்போது வருகிற கரமுர சத்தமும் அதனால்தான் குறைவு. நசுங்கிய வலையை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம், திருகுதான். நாங்கள் மாற்றவில்லை. அந்தப் பள்ளம் அப்படியே இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

சுத்தம் பற்றி யாரும் எழுதுவதில்லை, அம்மாக்கள்தான் எழுத வேண்டும். உதடு ஒட்டப் பாடுகிற மைக்கில் எச்சில் சேரும், ஸ்பாஞ்சில் ஊறும், கொஞ்ச நாளில் நாற்றம் வரும், ஜலதோஷம் பிடித்தவன் பாடிவிட்டுப் போனால் அடுத்தவனுக்கும் பிடிக்கும். உருண்டைத் தலையை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வந்துவிடும். அதை மட்டும், மைக்கை இல்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு மென்மையான பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள், அவசரப்பட வேண்டாம். காப்ஸ்யூல் மேல் ஈரம் படவே கூடாது. எங்கள் வீட்டில் இது என் வேலையாக இருந்தது. கழுவிக் காயவைத்த வலையை நான் திருகி மாட்டுகிறபோது எனக்கும் அந்த பேண்டில் ஓர் இடம் இருப்பதாகத் தோன்றும், உண்மையிலேயே சந்தோஷமாகச் செய்தேன்.

எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் அமைதியான அறையில் உட்கார்ந்து மெல்லிய குரலையோ அக்கௌஸ்டிக் கிடாரையோ பதிவு செய்ய வேண்டுமென்றால் கண்டென்சர் மைக், அதாவது ரொம்ப மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற இன்னொரு வகை மைக், எடுக்கிற நுணுக்கத்தை இது எடுக்காது. விரல் நரம்பில் உரசுகிற சத்தம், மூச்சின் முடிவு எல்லாம் அதில்தான் வரும். ஆனால் அதே கண்டென்சரை டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் பாட்டைவிட டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலைத்தான் அதிகம் எடுக்கும். ரொம்ப மெதுவாகப் பாடுகிற பிள்ளை என்றால் எஸ்எம்58க்கு மிக்ஸரில் கெயின், அதாவது மைக்கின் சமிக்ஞையைப் பெரிதாக்குகிற அளவு, நிறைய ஏற்ற வேண்டியிருக்கும். இதே கம்பெனியின் பீட்டா 58ஏ சூப்பர்கார்டியாய்டு, பக்கவாட்டுச் சத்தத்தை இன்னும் அதிகம் ஒதுக்கும், ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் எடுக்கும், அதனால் ஸ்பீக்கரைச் சற்றுச் சாய்வாக, பின்பக்கத்து மூலையில் வைக்க வேண்டும். அதோடு அது மன்னிக்காது. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பாடினால் குரல் சீக்கிரம் காணாமல் போகும். ஆடிக்கொண்டே பாடுகிற பிள்ளைகளுக்கு 58தான் தோதானது. சென்ஹைசர் இ835ஐயும் நல்ல மைக் என்று பலர் சொல்கிறார்கள், அதுவும் கார்டியாய்டுதான், கிட்டே போனாலும் தள்ளி வந்தாலும் குரலின் நிறம் அவ்வளவாக மாறாது. என் மகனுக்கு அந்த மாற்றம்தான் வேண்டியிருந்தது.

எஸ்எம்58ஐச் சொல்வதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. இந்தப் பிள்ளைகள் என்றைக்காவது மேடை ஏறும்போது அங்கே ஸ்டாண்டில் இருக்கப் போவது பெரும்பாலும் இதுதான். பள்ளியில் அவர்கள் முதல் முறையாக வாசித்த நாளில், திரை விலகுவதற்கு முன்னால் என் மகன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போனான், மைக்கைப் பார்த்தான், திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். ஷெட்டில் இருக்கிற அதே மைக், பள்ளம் மட்டும் இல்லை. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்த வரியில் பின்னால் வர வேண்டும் எல்லாம் உடம்புக்கே தெரிந்திருந்தது. கால் நடுங்கியதை முன்வரிசையிலிருந்து பார்த்தேன், குரல் நடுங்கவில்லை.

போலிகள் நிறைய இருக்கின்றன, இதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பிரபலமான பொருள் என்பதால் பெட்டி, ஸ்டிக்கர் முதற்கொண்டு அப்படியே அச்சடித்து விற்கிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். கம்பெனியின் அதிகாரபூர்வ விற்பனையாளர் யார் என்று பார்த்து வாங்குவதுதான் பத்திரம். பழையதாக யாரிடமாவது வாங்கினால் கேபிள் செருகிப் பாடிப் பார்த்து, சமையலறைத் தராசில் எடை போட்டும் பாருங்கள். 298 கிராமுக்கும் அதற்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படுங்கள். எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, ஆனால் தவறாக இருந்தால் நிச்சயம் விட்டுவிடுங்கள். அசலாக இருந்தால் பழையது வாங்குவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

ஷெட்டைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை, ஏனென்றால் மைக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறை அதைக் கெடுக்கும். சிமெண்ட் தரை, வெற்றுச் சுவர், இரும்பு ஷட்டர், எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பழைய கம்பளம், தடித்த போர்வை, வேண்டாத மெத்தை இவற்றைப் பாடுகிறவருக்குப் பின்னால் தொங்கவிட்டால் மைக்குக்குள் திரும்பி வருகிற எதிரொலி நன்றாகக் குறையும். ஆனால் இது உள்ளே இருக்கிற ஒலியைச் சரிசெய்யத்தான், அடுத்த வீட்டுக்குப் போகிற சத்தத்தை இது நிறுத்தாது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். சத்தத்தைத் தடுக்கக் கனமான பொருள் வேண்டும், இடுக்குகளை அடைக்க வேண்டும், அட்டைக்குக் கனம் ஏது? எளிதில் தீப்பிடிக்கும் என்பது வேறு. அதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய் எந்த நாள், எத்தனை மணி வரை என்று பேசி வைத்துக்கொண்டு அந்த நேரத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

காது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மூடிய அறையில் டிரம்ஸ் சத்தம் 100 டெசிபெல்லைச் சாதாரணமாகத் தாண்டும். வேலை செய்கிற இடங்களில் பாதுகாப்பையும் ஆரோக்கியத்தையும் ஆராய்கிற அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்கிற அளவு, 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிவிடும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிஷம்தான். பிள்ளைகள் மணிக்கணக்கில் வாசிக்கிறார்கள். உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர்ச்செல்கள் செத்துப்போனால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. பஞ்சு மாதிரி நுரையில் வருகிற காதடைப்பான் போட்டால் மேல் ஸ்வரங்கள் அதிகமாக அடங்கி மந்தமாகக் கேட்கிறது என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். இசைக்கலைஞர்களுக்கென்று ஃபில்டர் வைத்த காதடைப்பான் தனியாக இருக்கிறது, எல்லா ஸ்வரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும், சத்தம் மட்டும் தள்ளிப்போனது போல இருக்கும். மைக் வாங்குகிற அன்றே நான்கு பேருக்கும் சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள், மற்றவர் பிள்ளைகளுக்கும் சேர்த்து. போடாதவர்களுக்கு ஷெட் சாவி இல்லை என்று எங்கள் வீட்டில் விதி இருந்தது.

பள்ளி முடிந்ததும் நான்கு பேரும் நான்கு பக்கம் போய்விட்டார்கள். சண்டையெல்லாம் இல்லை, படிப்பும் ஊரும் பிரித்தது. டிரம்ஸை அந்தப் பையனின் தம்பி எடுத்துக்கொண்டான், ஆம்புகளை விற்றுவிட்டார்கள், மைக்கை மட்டும் என் மகன் எனக்கென்று விட்டுவிட்டுப் போனான். கடிகாரப் பாட்டை நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டதை அவனிடம் அப்புறம் சொன்னேன், அவன் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி. "தெரியும்மா, கதவுக்குக் கீழே உன் கால் தெரிஞ்சுது" என்றான்.

இப்போது அந்த மைக் என் அக்கா மகளிடம் இருக்கிறது, அவளும் தோழிகளும் பேண்ட் ஆரம்பித்திருக்கிறார்கள். அவளுக்குக் கணீரென்ற மேல்குரல், கிட்டே ஒட்டிப் பாட வேண்டிய அவசியமே இல்லை, ஒரு சாண் தள்ளி நின்று பாடினாலே எல்லாம் கேட்கிறது. கூடப் பாடுகிற பெண்ணுக்கு இன்னொன்று வாங்கப் போகிறார்கள், ஸ்விட்ச் வைத்ததா இல்லாததா என்று கேட்டாள். ஸ்விட்ச் இருக்கிற மாடலின் பெயரில் எஸ் என்ற எழுத்து கூட வரும். பாட்டின் நடுவில் கை பட்டு அணைந்துபோனால் பாடுகிறவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, ஸ்விட்ச் இல்லாததையே வாங்கு, நிறுத்த வேண்டுமென்றால் மிக்ஸரில் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.